சுவரின் சராசரித் தூரம்

அத்தான் சொன்ன அந்தக் கதையை நான் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டு வந்திருக்கிறேன். சந்தேகம் என்று அதற்குப் பெயர் வைக்கக்கூட எனக்குத் துணிவு இருந்ததில்லை. பல்லிடுக்கில் மாட்டிய மீன்முள்ளை நாக்கு போய்ப் போய்த் தொட்டுவிட்டு வருமே, அப்படித் தொட்டுவிட்டு வருவேன். இதோ அவர் என் கட்டிலில் கிடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அக்கா வைத்த நெய்மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, கடல்காற்று என் அறைக்குத்தான் வருகிறது என்று மாடியேறி வந்து படுப்பது அவர் வழக்கம். சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டிருக்கிறார். அந்த நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன், அவருடைய வேர்வை என் பிடரிக்குப் பின்னால் தொங்குகிறது. வாய் திறந்திருக்கிறது. தொண்டைக்குழி ஏறி இறங்குகிறது. மேசையில் லேப்டாப், லேப்டாப்புக்குப் பக்கத்தில் மவுஸ், மவுஸுக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனி இடிபாட்டிலிருந்து நான் எடுத்துவந்த கொக்கி, ஐஸ் பாரைக் குத்தி இழுக்கிற கொக்கி, துருப்பிடித்து, ஆனால் முனை இன்னும் முனையாகவே. திரையில் அந்தச் சுவர் நிற்கிறது. சாம்பல் நிறத்தில், நான்கு மூலைகளோடு, நான் வரைந்தது. சுவருக்குப் பின்னால் இருக்கவேண்டிய என் கூடப்பிறந்த கஸ்பார் அண்ணன் சுவருக்கு முன்னால் நிற்கிறான். படத்தைக் கொஞ்சம் திருப்பினால் பின்னால் போகிறான். இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறுபடி முன்னால் வருகிறான். ஒரு கொலைக்கு இரண்டு பதில். அத்தான் குறட்டை விடுகிறார், நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு அண்ணனைச் சுவருக்கு முன்னும் பின்னுமாக இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

கதை இதுதான். நாட்டுப்படகுக்காரர்களுக்கு இனி ஐஸ் கிடையாது என்று கம்பெனி சொன்ன வருடம். விசைப்படகுக்காரர்கள் பக்கம் கம்பெனி நின்றது, எங்கள் ஆட்கள் பிடித்த மீன் கரையிலேயே வெந்து நாறியது. கஸ்பார் அண்ணன் ஐஸ் லாரிகளை மறித்தான். முதல் நாள் எங்கள் ஆட்கள் லாரியின் டயரைக் கிழித்தார்கள், மறுநாள் கம்பெனி ஆட்கள் எங்கள் வலைகளைக் கொளுத்தினார்கள், நைலான் வலை எரிந்து சொட்டுச் சொட்டாக மணலில் விழுந்து கறுத்த வாசம் இப்போது நினைத்தாலும் தொண்டையில் வரும். அதற்கடுத்த நாள் சாயங்காலம் அண்ணன் தனியாகப் பேசப் போனான். பேச வாருங்கள் என்று ஆள் விட்டிருந்தார்கள். எல்லோரும் கோவில் முற்றத்தில் காத்திருந்தோம். தொம்மை அத்தான், அப்போது அவர் அத்தான் இல்லை, அண்ணனின் கூட்டாளி, ஒரே படகில் போகிறவர், வேவு பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு கம்பெனிச் சுவருக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியின் மொட்டைமாடியில் ஏறி நின்றாராம். அங்கிருந்து எல்லாவற்றையும் பார்த்தாராம். சுவரோரம் ஐஸ் ஏற்றும் மேடையில் வைத்து நாலைந்து பேர். முதல் குத்து விலாவில். அவன் திரும்பினான். இரண்டாவது கொக்கி தோள்பட்டைக்குள் மாட்டிக்கொண்டது, ஐஸ் பாரை இழுக்கிற மாதிரியே மேடை நெடுக அவனை இழுத்தார்கள். அடுக்கி வைத்திருந்த ஐஸ் பாரைக் கட்டிப் பிடித்தான், கை வழுக்கிற்று. "அஞ்சு வெரலும் ஐஸ்ல கோடு போட்டுது மக்கா, கோட்டுக்குள்ள ரத்தம் எறங்குச்சு. பொறவு அந்தக் கோடும் உருகிப் போச்சு." இதை அவர் அண்ணன் அடக்கத்தன்று சொன்னார். வருடத் திவசத்துக்கு வருடத் திவசம் சொன்னார். அக்காவைக் கட்டிய பிறகு கல்யாண ஆல்பம் பார்க்க வந்தவர்களிடம்கூடச் சொன்னார். போலீஸ் கேட்டபோது மட்டும், "தூரத்துல முகம் தெரியல ஐயா" என்றார். பிடித்த ஆட்களை விட்டுவிட்டார்கள். முகம் தெரியாத தூரத்தில் விரல் போட்ட கோடு தெரிந்திருக்கிறது. முள் அங்கேதான் மாட்டியது. நாக்கு அங்கேதான் போகும். போய்த் தொட்டுவிட்டு உடனே திரும்பி வந்துவிடும், ஏனென்றால் அப்பா இல்லாத வீட்டுக்குச் சோறு போட்டது இந்தக் கை, எனக்கு பாலிடெக்னிக் கடைசி வருடம் முடிக்க வைத்தது இந்தக் கை, இப்போது கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்குகிறதே, நரம்பு புடைத்து, மோதிர விரல் கொஞ்சம் வளைந்து, இந்தக் கை.

ஐஸ் கம்பெனியை வாங்கிய ஆள் அங்கே கோடவுன் கட்டப்போகிறான். இடிப்பதற்கு முன்னால் அளந்து கொடுக்கும் வேலை எங்கள் சர்வே ஆபீசுக்கு வந்தது, ஆபீசில் அது என்னிடம் வந்தது. கருவியை மூன்று காலில் நிறுத்தி அந்தச் சுவரைக் குறிபார்த்தேன். தொட்டி இப்போது இல்லை, ஏதோ ஒரு புயலில் சரிந்து, அடிமனை மட்டும் கிடக்கிறது. ஆகவே அதன்மேல் ஏறி நின்று பார்க்க முடியாது. படத்தில்தான் ஏற முடியும். அளந்த புள்ளிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பைத்தான் நிரலில் போட்டேன். ஆபீஸ் வேலைக்கு மண்மேடு, பள்ளம், சரிவு என்று இதில்தான் படம் போடுகிறேன், ஐம்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டது, தட்டுத்தடுமாறித்தான் வரும். அண்ணனுக்கு ஆள் உயரத்தில் ஒரு பெட்டி. முதலில் சிவப்பு கொடுத்தேன், கண்ணை உறுத்தியது, அன்று அவன் போட்டிருந்த நீலக் கட்டம் போட்ட சட்டைக்காக நீலமாக்கினேன். முதல் தடவை படம் வந்தபோது பெட்டி பெட்டியாக இல்லை. மூலைகளைச் சுற்றுவரிசையில் கொடுக்காமல் குறுக்கே கொடுத்துவிட்டேன், பலகோணம் இடுப்பில் முறுக்கிக்கொண்டது, மேல்பாதி ஒரு முக்கோணம், கீழ்பாதி ஒரு முக்கோணம், நடுவில் ஒரு புள்ளியில் இறுக்கிப் பிடித்த மாதிரி. பிரேத பரிசோதனை முடிந்து துணியில் கட்டிக் கொடுத்தபோதும் இடுப்பில்தான் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டேன். தண்ணீர் குடித்தேன். பிறகு வரிசையை மாற்றினேன், பெட்டி நிமிர்ந்தது. மனிதனை நிமிர்த்துவது இத்தனை எளிது, மூன்றாவது மூலையையும் நான்காவது மூலையையும் இடம் மாற்றினால் போதும்.

அடுத்தது சுவர். பழக்கத்தில் அதற்குக் கொஞ்சம் ஊடுருவும் நிறம் கொடுத்திருந்தேன், உள்ளே இருப்பதெல்லாம் புகை மூட்டத்தில் தெரிகிற மாதிரி தெரிந்தது. கண்ணாடியில் கட்டிய சுவர். அதை முழுச் சாம்பலாக்கினேன், இனி எதுவும் தெரியக்கூடாது, தெரிந்தால் நிஜமாகவே தெரிகிறது என்று அர்த்தம். தொட்டியின் மாடியில், அத்தானின் கண் இருக்கவேண்டிய உயரத்தில், அவர் பார்த்த திசைக்குப் படத்தைத் திருப்பினேன். நீலப் பெட்டி தெரிந்தது. முழுசாக, தலை முதல் கால் வரை, சுவருக்கு முன்னால் வெட்டி ஒட்டின மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. சொன்னது நிஜம், அத்தான் சொன்னது நிஜம், இத்தனை வருடம் ஒரு நல்ல மனிதனின் எலும்பை நான் மனசுக்குள் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எழுந்துபோய் அவர் காலைத் தொட வேண்டும்போலிருந்தது. அவர் புரண்டு படுத்தார். அப்போதுதான் அக்கா மாங்காய் நறுக்கி உப்பும் வத்தலும் போட்டு எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். "இவரு ஒறங்கிட்டாவளா? வாயப் பாரு, ஈ போயி ஆமென் சொல்லிட்டு வந்துரும்" என்று சிரித்தாள், முந்தானையால் அவர் கன்னத்தில் வழிந்ததைத் துடைத்தாள். அந்தத் துடைப்பை நான் பார்த்தேன். அவ்வளவு பழகிய கை. திரையை எட்டிப் பார்த்து, "என்னலே அமலு, ஞாயித்துக்கிழமையும் வேலையா? இது எந்த எடம்?" என்றாள். ஐஸ் கம்பெனி அக்கா, இடிக்கப் போறாவ. அவள் முகம் கொஞ்சம் சுருங்கி, பிறகு சரியாயிற்று. "நல்லா இடிக்கட்டும். அந்தச் சொவரு இருக்கே, பேய்ச் சொவரு. சின்னதுல கஸ்பாரு தோள்ல ஏறி நின்னு பாப்பேன், ஒண்ணுந் தெரியாது. உள்ள ஐஸ் நொறுக்குத சத்தம் மட்டும் கேக்கும், எலும்பு நொறுக்குத மாதிரி." சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். பேய்ச் சுவர். தோளில் ஏறினாலும் தெரியாது. ஆனால் தொட்டி தோளைவிட உயரம்தானே. உயரம்தான். அத்தானே சொல்லியிருக்கிறார், கம்பெனி வாசல் வளைவுக்குச் சமமான உயரம் என்று. மனசை நிலைப்படுத்திக்கொள்ளப் படத்தை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று மவுஸைத் தொட்டேன், கை கொஞ்சம் அசைந்தது, சுவர் பாய்ந்து வந்து அண்ணனை மூடியது.

மூடியது என்றால், கதவு அறைந்து சாத்தின மாதிரி. நடுவில் எதுவும் இல்லை. பாதி மறைவது, தோள்வரை மறைவது, அப்படி எதுவும் இல்லை. முழுசாக இருக்கிறான், முழுசாக இல்லை. நிஜச் சுவர் அப்படி மறைக்காது. நிஜத்தில் கண் ஓர் அடி நகர்ந்தால் மறைவும் கொஞ்சம்தான் நகரும். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இரண்டு படமும் பார்வை இல்லை, அடுக்கு. இந்தப் படம் போடும் நிரலுக்குக் கண் கிடையாது. எதற்குப் பின்னால் எது என்று அது புள்ளி புள்ளியாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பலகோணத்தையும் எடுத்து, அதன் மூலைகளின் தூரத்தைக் கூட்டி வகுத்து, சராசரி எடுத்து, சராசரியில் தூரமானதை முதலில் பூசி, கிட்டே இருப்பதை அதன்மேல் பூசுகிறது. சுவர்ப் பெயிண்டர் மாதிரி. கடைசியில் பூசியவன் ஜெயிக்கிறான். சுவரை நான் எத்தனை புள்ளியில் அளந்தேன்? இந்தத் தொழிலில் நேர்ச்சுவருக்கு யாரும் நடுவில் புள்ளி எடுக்கமாட்டார்கள். இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று, கீழும் மேலுமாக நாலு மூலை, முடிந்தது, அடுத்தது என்ன. வளைவுக்கும் உடைசலுக்கும்தான் புள்ளி அடுக்குவோம், நேரானதை நம்பிவிடுவோம். இருபது வயதில் பழகிய கை. அந்தச் சுவரோ தொட்டிக்குப் பக்கத்தில் தொடங்கி கடல்வரைக்கும் ஓடுகிறது. ஒரு கோடி இங்கே, ஒரு கோடி அலைக்கு அருகே, இரண்டையும் கூட்டி வகுத்தால் சுவரின் நடு எங்கேயோ தூரத்தில் போய் விழுகிறது. அண்ணன் விழுந்தது இந்தக் கோடியில், தொட்டிக்குக் கிட்டே. ஆகவே நிரல் நினைத்துக்கொண்டது, சுவர் தூரம், கஸ்பார் பக்கம். சுவரை முதலில் பூசிவிட்டு, அதன்மேல் அண்ணனை வைத்துவிட்டது. நேரான ஒன்றை நாலு மூலையில் நம்பியதால் வந்தது. நான் அழுத அழுகை ஒரு சராசரிக்கு அழுதது.

வரிசை எடுக்கும் முறையை மாற்றிப் பார்த்தேன். சராசரிக்குப் பதில் மிகக் கிட்டே உள்ள மூலையை எடு என்றேன், வேறொரு பொய் வந்தது, ஐஸ் நொறுக்கும் மிஷின் கூரையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து நின்றது. தூரத்து மூலையை எடு என்றேன், கடல் சுவரின்மேல் ஏறியது. எனக்குக் கோபம் வந்தது, கோபம் என்பதைவிட, கையில் ஒரு வலு வந்தது, எதையாவது பிடித்து அழுத்தவேண்டும் என்ற வலு. கொக்கியை எடுத்தேன். கனம் நன்றாக இருக்கிறது. மரப்பிடியில் யாரோ ஒருவனுடைய பெருவிரல் வருடக்கணக்கில் தேய்த்த பள்ளம், என் பெருவிரல் அதில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. ஒரு கோடு போட்டால் போதுமே. கண்ணிலிருந்து மேடைக்கு ஒரு கோடு, அது சுவரைத் தாண்டும் இடத்தில் என்ன உயரம், சுவர் என்ன உயரம், பள்ளிக்கூட முக்கோணக் கணக்கு, ஒரு சிகரெட் அட்டையில் போட்டுவிடலாம். வீட்டுக்கு அந்தப் புள்ளிகள் வந்த நாளிலிருந்து அதை நான் ஏன் போடவில்லை? படம்தான் வேண்டும் என்று ஏன் இருந்தது? கணக்கு பொய் சொல்லாது என்று தெரிந்ததால்தானா? படத்தில் ஏதாவது கோளாறு வரும், கோளாறைச் சரிசெய்துகொண்டே இருக்கலாம், சரிசெய்கிற வரைக்கும் அவர் என் அத்தானாகவே இருப்பார் என்றா? குறட்டை நின்றது. நானும் மூச்சை நிறுத்தினேன். கொக்கி முனைக்கும் அவர் தொண்டைக்குழிக்கும் நடுவே ஒரு கை நீளம் இருக்கும். ஐஸ் பாரைக் குத்தும்போது முதலில் ஒரு சின்னச் சத்தம் வரும், பல் கடிப்பது மாதிரி, பிறகு வெள்ளையாக ஒரு நட்சத்திரம் விரியும். தொண்டையில் அப்படி விரியாது. தொண்டை மெத்தென்று இருக்கும். இந்த மெத்தென்ற நினைப்பு எனக்குள் எங்கிருந்து வந்தது என்று பயந்துபோய் கொக்கியை மேசையில் வைத்தேன், துணிமேல், சத்தம் வராமல். குறட்டை மறுபடி தொடங்கியது. அக்காவின் கணவர். என் மருமகள்களின் அப்பா. மாதா கெபியில் மெழுகுதிரி ஏற்றும்போது காற்றை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு எனக்கும் சேர்த்து ஒன்று ஏற்றுகிறவர்.

சுவரை வெட்டினேன். நீளவாக்கில் துண்டு துண்டாக, ஐஸ் பார் அளவுக்கு, ஒவ்வொரு துண்டுக்கும் அதனதன் தூரம் தெரிகிற மாதிரி. ஓடவிட்டேன். ஒன்றும் மாறவில்லை, அண்ணன் இன்னும் முன்னால்தான் நின்றான். மனசு குதித்தது, கேடுகெட்ட மனசு, பார்த்தாயா பார்த்தாயா என்றது. ஆனால் காரணம் எனக்குத் தெரியும். சுவரின் துண்டுகளை ஒரு கட்டாகவும் அண்ணனை இன்னொரு கட்டாகவும் கொடுத்திருந்தேன். கட்டைக் கட்டோடுதான் அது ஒப்பிடும், ஒரு கட்டின் துண்டை இன்னொரு கட்டின் துண்டோடு ஒப்பிடாது. சுவர் மொத்தமும் ஒரு கூட்டம், அண்ணன் தனி ஆள். எல்லாவற்றையும் ஒரே கட்டில் போடவேண்டும், சுவர், மேடை, மிஷின், அண்ணன், எல்லாம் ஒரே சாக்கில். போட்டேன். ஓட்டும் பொத்தானில் விரல் வைத்தேன். அழுத்தவில்லை. கீழே அக்கா பாத்திரம் கழுவுகிற சத்தம், குழாயடியில் ஒரு காகம், தெருவில் யாரோ யாரையோ "எலேய் செத்த மூதி, மாட்ட அவுத்து வுட்டது யாருல" என்று கத்துகிறான். இந்த வீடு இந்தச் சத்தங்களில் நிற்கிறது. நான் விரலை அழுத்தினால் என்ன நிற்கும்? அழுத்தினேன். படம் வர ஒரு கணம் பிடித்தது. முற்றம் தெரிந்தது. நொறுக்கும் மிஷின் தெரிந்தது. எதிர்ப்பக்கத்து ஆபீஸ் கூரை தெரிந்தது. தொட்டிமேல் ஏறிய எவனும் கம்பெனிக்குள் எல்லாம் தெரிகிறது என்றுதான் நினைப்பான். சுவரடி மட்டும் இல்லை. சுவரோரம் ஒட்டிய மேடை இல்லை. நீலம் இல்லை. மவுஸை அசைத்தேன், கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நீலம் எங்கிருந்தும் பாய்ந்து வரவில்லை. சுவர் சுவராக நின்றது.

அவருக்காகப் பேரம் பேசினேன். தொட்டியை உயர்த்தினேன், ஓர் ஆள் உயரம், அவர் கூச்சத்தில் குறைத்துச் சொல்லியிருக்கலாம். தெரியவில்லை. சுவரைக் குறைத்தேன், மேலே பதித்த பாட்டில் கண்ணாடியை எடுத்துவிட்டேன், அதற்கும் கீழே ஒரு வரி செங்கலை எடுத்தேன். தெரியவில்லை. சுவரைப் பிறகு உயர்த்திக் கட்டியிருப்பார்களோ? இல்லை, பூச்சு அடியிலிருந்து நுனிவரை ஒரே பூச்சு, நானே தடவிப் பார்த்தேன், அக்காவுக்குச் சின்ன வயதிலேயே அது பேய்ச் சுவர். மேடை வேறு இடமாக இருக்குமோ? இல்லை, ஓடிப்போய்ப் பார்த்தவன் நான். சுவர்மூலையில் ஐஸ் பார்கள் சாய்ந்து கிடந்தன, ஒன்றுக்குள் சிவப்பு வேர் மாதிரி இறங்கி உறைந்திருந்தது, அண்ணனின் ஒரு செருப்பு ஐஸ்தூளில் புதைந்து வார் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அந்தச் செருப்பை எடுக்கப்போய் வழுக்கி அவன் ரத்தத்தில் நான் மண்டியிட்டேன், அது சூடாக இருக்கும் என்று நினைத்தேன், பனிக்கட்டியாக இருந்தது, என் முழங்காலுக்கு அந்த இடம் தெரியும். இன்னும் உயர்த்தினேன். அத்தானைத் தென்னை உயரத்துக்குத் தூக்கி நிறுத்திய பிறகுதான் அண்ணனின் தலை தெரிந்தது, தலை மட்டும், நீலத்தில் ஒரு கீற்று. அத்தனை உயரத்தில் ஏறி நிற்க அந்த ஊரில் எதுவும் இருந்ததில்லை, தேவமாதா கோவில் கோபுரத்தைத் தவிர. ஆக, பார்க்கவில்லை. பார்க்காதவன் பொய் சொன்னான் என்றால் அது சின்னப் பொய், துக்கத்தில் எல்லோரும் சொல்கிற பொய், நான் கூட இருந்தேன் என்று சொல்லிக்கொள்கிற பொய். அதை நான் மன்னித்துவிடுவேன், இந்த மாங்காய்த் துண்டைக் கடிக்கும் நேரத்தில் மன்னித்துவிடுவேன். ஆனால் அவர் பார்த்திருக்கிறாரே. முதல் குத்து விலாவில், இரண்டாவது தோளில், பரிசோதனை அறிக்கை அப்படித்தான் சொன்னது, அறிக்கை வருவதற்கு முன்னாலேயே அவர் சொன்னார். மேடை நெடுக இழுத்த தடம் மேடையில் இருந்தது. ஐஸில் கோடு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை, உருகியிருந்தது, உருகியது என்பதையும் அவரே சொல்லிவிட்டார். பார்த்திருக்கிறார். பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். பேச வாருங்கள் என்று வந்த ஆளோடு அண்ணன் ஏன் சட்டென்று கிளம்பினான்? அண்ணன் யாரையும் நம்பாதவன். நம்பின ஒருவனைத் தவிர. உள்ளே இருந்தார் என்றால் என்னவாக இருந்தார்? கூட்டிக்கொண்டு போனவரா, காப்பாற்றப் போய்த் தாமதித்து, மிஷினுக்குப் பின்னால் ஒளிந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றவரா? அப்படி இருந்தால் அந்தப் பயத்தை எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் நின்றிருப்பேன், அதை நான் கட்டிப்பிடித்து அழுவேன். பிடித்தவரா? கேட்டைச் சாத்தியவரா? இந்தக் கொக்கியின் பிடியில் இருக்கும் பள்ளத்தில், கட்டிலுக்கு வெளியே தொங்குகிற அந்தப் பெருவிரல் உட்காருமா? எழுந்து, அந்தக் கையைத் தூக்கி, பொருத்திப் பார்த்தால் என்ன? ஆபீசில் எதையும் பொருத்திப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். பிடியை அவர் கைக்குள் வைத்தால் அவர் விழித்துக்கொள்வார். விழித்ததும் இறுக்குவார். இறுக்கினால் முனை யார் பக்கம் இருக்கும்?

"மணி என்னலே?" என்றது கட்டில். நான் திரும்பவில்லை. "நாலாகப் போவுது அத்தான்." கட்டில் முனகியது, அவர் எழுந்து உட்கார்ந்து, முதுகைச் சொறிந்து, சேசுவே மரியாயே என்று கொட்டாவி விட்டார். "உன் ரூம்ல படுத்தா மட்டும் எனக்கு இப்புடி ஒறக்கம் வருது பாரு. பேசாம நீ கீழ போயிரு, உங்க அக்கா கொறட்டைய நீ கேளு, எனக்கு இந்த ரூம எழுதிக் குடுத்துரு." சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் பயங்கரம், வழக்கமான இடத்தில் வழக்கமான சிரிப்பு வந்தது. சட்டையை எடுக்க என் தோளுக்கு மேலாகக் கை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. "இது நம்ம ஐஸ் கம்பெனில்லா." நான் படத்தைத் தொட்டியிலிருந்து திருப்பி, மேலிருந்து பார்க்கிற மாதிரி வைத்திருந்தேன், எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. நீலப் பெட்டி சுவரடியில் தெரிந்தது. "அச்சு அசலு. என்னமா வரைஞ்சிருக்க, போ. இதான் மேடையா?" ஆமா அத்தான். அவர் குனிந்தார், அவர் மூச்சு என் காதில் மீனும் உறக்கமுமாக வந்தது, ஆள்காட்டி விரல் திரையை நோக்கிப் போயிற்று. கொக்கி என் வலது கைக்குக் கீழே, துணிமேல் இருந்தது. நான் அதைத் தொட்டுக்கொண்டிருந்தேன். "எல்லாஞ் செரி, ஒண்ண வுட்டுட்டியே மக்கா." விரல் சுவரின் உள்பக்கத்தில், மேடையை ஒட்டி, முழங்கால் உயரத்தில் ஓர் இடத்தைத் தொட்டது. "இந்தா, இங்கன சொவரோட ஒரு கொழா போவும். உப்புத்தண்ணிக் கொழா. ஐஸா குளுந்து கெடக்கும், வெள்ளையா பூத்துருக்கும். அதப் புடிச்சிதான் பாவி எந்திரிக்கப் பாத்தான். கை ஒட்டிக்கிட்டு, வுட மாட்டேங்குது." நிறுத்தினார். இந்த வரியை இத்தனை வருடத்தில் அவர் சொன்னதில்லை. அதை அவரும் கேட்டார் என்று நினைக்கிறேன், தன் வாயிலிருந்து வந்ததைத் தானே முதல் தடவை கேட்கிறவர் மாதிரி. விரல் திரையிலேயே இருந்தது. கீழேயிருந்து அக்கா குரல் வந்தது, "எந்திரிச்சாச்சா? ரெண்டு பேருக்கும் சாயாவா, காப்பியா?" கொக்கியின் பிடியிலிருந்து பெருவிரலை எடுத்தேன், எடுக்க அத்தனை சிரமமாக இருந்தது, ஒட்டிக்கொண்டிருந்தது போல. நாற்காலியைத் திருப்பினேன். அவர் முகம் வெகு அருகில் இருந்தது, கண்ணில் தூக்கம் முழுசாகப் போயிருந்தது. எனக்குச் சோறு போட்ட முகம். குரல் எப்படி வரும் என்று தெரியாமல்தான் வாயைத் திறந்தேன், சின்னப்பிள்ளைக் குரலாக வந்தது.

"அத்தான், அன்னைக்கு நீங்க சொவத்துக்கு எந்தப் பக்கம் நின்னீய?"